அந்த அத்தை எங்கே போனாள்?

எங்கள் குழுவில் வருஷத்துக்கு ஒரு முறை ஒரு கூத்து நடக்கும். இரவு எட்டு மணிக்கு ஓடும் ஒரு டிவி தொடரின் ரசிகைகள் நாங்கள். தொடரில் வருகிற ஆட்களை எடுத்துக்கொண்டு எங்கள் இஷ்டத்துக்குக் கதை எழுதி, கைப்பேசியிலேயே குழுவில் போடுவோம். ஃபேன் ஃபிக்‌ஷன் என்று அதற்குப் பெயர். தொடர் ஆரம்பித்த நாளை ஒட்டி எல்லோரும் கதைகளைப் பரிசாக மாற்றிக்கொள்வோம். கல்லூரி ஹாஸ்டலில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் கொடுத்தது என்று சொல்லாமல் சோப்பு டப்பா, சாவிக்கொத்து என்று கொடுப்பார்களே, அதேதான். சோப்பு டப்பாவுக்குப் பதில் கதை.

அதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் தனக்கு எப்படிப்பட்ட கதை வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிடித்தது என்ன, வேண்டவே வேண்டாதது என்ன, கதைக்கு ஒரு குறிப்பு. இந்தக் குறிப்பைத்தான் எல்லோரும் ப்ராம்ப்ட் என்பார்கள். குழுவை நடத்துகிறவள் அத்தனையையும் குழுவிலேயே போட்டுவிடுவாள். எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்த டாக்டர், உப்பைக் குறைக்கச் சொன்னதோடு இதை வாசிக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

ஒருத்திக்கு நாயகன் பயங்கரக் கோபக்காரனாக இருக்க வேண்டுமாம், ஆனால் நாயகியிடம் மட்டும் கோபமே படக் கூடாதாம். அப்படியானால் யாரிடம் படுவான்? டிரைவரிடமும் வாட்ச்மேனிடமும்தான். அதைக் காதல் என்று இவள் கண் கலங்க வாசிப்பாள். இன்னொருத்தியின் ப்ராம்ப்டில் நாயகிக்குக் காய்ச்சல் வருகிறது, நாயகன் விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போடுகிறான். நான் தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறவள். காய்ச்சல்காரிகளைத் தினமும் பார்க்கிறேன். கூட வந்த புருஷன் வாசலில் நின்று ஃபோன் பேசிக்கொண்டிருப்பான். நடுவில் ஒரு முறை எட்டிப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னிடம் கேட்பான். ஈரத்துணியை நான் கண்டதே இல்லை.

வேண்டாதவை என்று ஒருத்தி முழ நீளத்துக்கு எழுதியிருந்தாள். சோகம் வேண்டாம், மாமியார் வேண்டாம், சமையல் வேண்டாம், ஆபீஸ் வேண்டாம், கடன் வேண்டாம், பிள்ளை வேண்டாம். மிச்சம் என்ன இருக்கிறது? காரும் கடற்கரையும். வேறொருத்தி எங்கள் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்தைச் சினிமாவில் பார்த்திருக்கிறாள் போல. நாயகியின் துப்பட்டா பூக்களின் மேல் பறந்துகொண்டே போக வேண்டுமாம். துப்பட்டா பறந்தால் பின்னாலேயே தோட்டக்காரர் கம்போடு வருவார். பூக்கிற மாதத்தில் படம் பிடிக்க வருகிற கூட்டம் செடியை மிதித்துப் பாழாக்கிவிட்டுப் போகும்போது அவர் வாயிலிருந்து வரும் வார்த்தைகளை எந்தக் காதல் கதையிலும் சேர்க்க முடியாது.

இவ்வளவு இளக்காரமாகப் பேசுகிறவள் அந்தக் குழுவில் ஏன் கிடக்கிறாய் என்று கேட்கலாம். எனக்கு ஒரு கதை வேண்டும். ஒரே ஒரு கதை. நீயே எழுதிக்கொள்ளேன் என்பார்கள். தனக்குத் தானே கேக் வாங்கி வெட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் எரிச்சலாகவும் இருக்கும். அதை வேறு யாராவது யோசித்து, மெனக்கெட்டு, எனக்காக எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் மூன்று வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஈரத்துணிக் கதைகளை எழுதித் தந்துகொண்டிருந்தேன்.

தொடரில் நாயகன் ஒரு மசாலாக் கம்பெனி முதலாளி. நாயகி அங்கே வேலைக்கு வந்தவள். மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். அந்த வீட்டில் நாயகனின் அப்பாவுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள். கல்யாணம் ஆகாதவள். எல்லோருக்கும் அத்தை. காபித் தட்டைக் கொண்டு வருவாள், வைப்பாள், போவாள். விசேஷம் என்றால் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். ஒப்புக்குச் சப்பாணி. ஆனால் மற்றவர்கள் வாய் கிழிய வசனம் பேசும்போது, ஒரு வார்த்தையையும் நம்பாதவளாகப் பின்னால் நின்று பார்ப்பாள் பாருங்கள், அந்தப் பார்வைக்காகத்தான் நான் அந்தத் தொடரையே பார்த்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவளைக் காணவில்லை. அந்த நடிகைக்கு வேறு நல்ல வேலை கிடைத்திருக்கும், போயிருப்பாள். போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த வீட்டில் ஒருவர்கூட, அத்தை எங்கே என்று கேட்கவில்லை. ஊருக்குப் போனாள் என்றோ செத்துப்போனாள் என்றோ ஒரு வசனம் கிடையாது. அவள் படுத்திருந்த அறையில் அடுத்த வாரம் நாயகன் உடற்பயிற்சி செய்கிற மெஷின் வந்துவிட்டது.

நான் மேலகரத்தில் தம்பி வீட்டில் இருக்கிறேன். அவனுக்குப் போலீஸில் வேலை. எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை, இருந்தாலும் உங்களிடம் சொல்வதாக இல்லை. அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பி பொண்டாட்டியிடம் கேட்டேன்.

"ஏட்டி, அந்த அத்தை எங்க போனா?"

"எந்த அத்தை மதினி?"

"காபி கொண்டு வருவாளே."

"காபி கொண்டு வாரது அந்த வேலைக்காரப் பிள்ளைல்லா? என்ன சொல்லுதிய நீங்க? அங்கன அத்தைன்னு யாரு இருக்கா?"

நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டேதான் இதைச் சொன்னாள். நல்ல பெண்தான், மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

அந்த வருஷம் என்னுடைய குறிப்பில் எழுதினேன். பிடித்தது, அத்தை. வேண்டாதது, அத்தைக்குச் சாவும் கல்யாணமும். ப்ராம்ப்ட், அந்த அத்தை எங்கே போனாள்? எனக்கு வந்த கதையில் நாயகனும் நாயகியும் ஊட்டிக்குப் போய் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரியில், அத்தை காசிக்குப் போயிருந்தாள் என்று இருந்தது. கறிவேப்பிலையைக்கூட இதைவிட மரியாதையாகத்தான் எடுத்து ஓரத்தில் வைப்பார்கள். அடுத்த வருஷமும் அதையே எழுதினேன். குழுவை நடத்துகிறவள் தனியாகச் செய்தி அனுப்பினாள். "அக்கா, அந்த கேரக்டருக்கு ரீடர்ஸே கிடையாதே. வேற ஏதாச்சும் க்யூட்டா போடுங்களேன்." நான் க்யூட்டாக எதுவும் போடவில்லை. அவள் சொன்னதுதான் நடந்தது. அத்தையைத் தொடாமலே ஒரு கதை வந்து சேர்ந்தது.

போன வருஷம் மூன்றாவது முறை. அதே மூன்று வரி.

குலுக்கலில் எனக்கு விழுந்தவள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஒரு பூவின் பெயரைப் புனைபெயராக வைத்திருந்தாள், முகப்பில் ஒரு பூனைக்குட்டி. அவள் கேட்டிருந்தது இது. நாயகனும் நாயகியும் குற்றாலத்துக்குப் போக வேண்டும். மெயின் அருவியில் கைகோத்துக்கொண்டு நனைய வேண்டும். கூட்டமே இருக்கக் கூடாது. வேண்டாதவை, வில்லி, சண்டை, குடும்பம்.

வாசித்துவிட்டு ஸ்கேன் சென்டரிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு ஸ்கேனுக்குக் காத்திருந்த அம்மா ஒருத்தி, சிரிக்க வைக்காதே தாயே என்பதுபோல் பார்த்தாள்.

குற்றாலத்தைப் பற்றி எனக்கா சொல்லித் தர வேண்டும்! சாரல் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். வேனைப் பிடித்துக்கொண்டு எல்லோருமாக அருவிக்குப் போவோம். அருவிக்குப் போகிற எந்தக் குடும்பத்திலும் பை பார்க்க ஒரு ஆள் வேண்டும். மாற்றுத்துணி, ஃபோன்கள், கழற்றிய சங்கிலி, கார்ச்சாவி எல்லாம் பையில் இருக்கும். குரங்கு சுவரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கும். கைப்பிடிச் சுவர் ஓரமாக, எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்களுக்குக் கொஞ்சம் தள்ளி, நான் நிற்கிற இடம் வருஷா வருஷம் ஒன்றுதான். அங்கிருந்து பார்த்தால் எல்லாமே தெரியும். எந்தக் குரங்கு சிப்ஸுக்கு வரும், எது கண்ணாடிக்கு வரும் என்றுகூடச் சொல்வேன்.

அதனால் பூனைக்குட்டிக்காரிக்கு உண்மையான குற்றாலத்தையே எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். கைகோத்து நனைவதாம்! ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் கம்பித் தடுப்பு, தாண்டினால் போலீஸ் விசில். கூட்டமில்லாத அருவி வேண்டுமென்றால் சித்திரையில் வந்து காய்ந்த பாறையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட நாளில் வரட்டும்.

என் கதையில் மசாலாக் கம்பெனி முதலாளி வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தான். ஆண்கள் வரிசையில் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்ற தொந்திக்காரர் ஒருவர் அவன்மேல் சாய்ந்துகொண்டே தள்ளினார். அருவிக்குள் தலையைக் கொடுத்ததும் பின்னாலிருந்து, "ஏலே, போதும் வெளிய வாலே, மத்தவன் குளிக்கண்டாமா?" என்று யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். கோடீஸ்வரனை ஒருவன் ஏலே என்று கூப்பிட்டதை எழுதும்போது எனக்கு உண்டான திருப்தியைச் சொல்லி முடியாது. பெண்கள் பக்கம் நாயகியின் முகத்தில் எவளோ ஒருத்தியின் ஈரச்சடை பளீரென்று அடித்தது. நாயகன் முதலில் வெளியே வந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் வெறுமனே நின்று கூட்டத்துக்குள் அவளைத் தேடினான். நனைந்த தலைகளுக்குள் எது தன் காதலியின் தலை என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவர்கள் இரண்டு பேரும் குளிக்கப் போய்விட்டால் பையை யார் பார்ப்பது? ஆள் வேண்டுமே. அத்தையைக் கொண்டு வந்தேன். குடும்பம் வேண்டாம் என்று பூனைக்குட்டிக்காரி எழுதியிருந்தாள். அந்த அத்தை குடும்பமா என்று தொடர்க்காரர்களிடமே கேட்டுக்கொள்ளட்டும். தொடர் துரத்திவிட்டவளை நான் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் கௌரவமாக நிறுத்தினேன். ஒரு கடுவன் குரங்கு பையை நோக்கி வந்தபோது அவள் செருப்பைக் கழற்றி ஓங்கியதும், அது பயந்து சுவர் ஏறி ஓடியது. குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள், சூடாகப் பஜ்ஜி வாங்கி வைத்திருந்தாள். மூன்று பேருமாக வண்டியைத் தேடி நடந்தார்கள். கதை முடிந்தது. எழுதியதை நானே திரும்பத் திரும்ப வாசித்தேன். அத்தைக்கு நியாயம் செய்துவிட்டதாக அவ்வளவு பெருமை எனக்கு.

எல்லாக் கதைகளும் ஒரே நாளில் வெளியாகும். எனக்கு வந்த பரிசை மதியச் சாப்பாட்டு நேரத்தில் திறந்தேன். இந்த முறை கதை முழுக்க அத்தைதான். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வாசித்தேன். அத்தை ரயிலில் போகிறாள். எதிர் சீட்டில் ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர், நரைத்த மீசை. அவர் ஃப்ளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுக்கிறார். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. மீசைக்காரர் கையால் தாலி கட்ட வைத்துவிட்டுக் கதையின் அடியில் எழுதியவள் ஒரு வரி சேர்த்திருந்தாள். "கல்யாணம் வேண்டாம்னு போட்டிருந்தீங்க. ஆனா உங்க மனசு எனக்குப் புரிஞ்சுது அக்கா."

என் மனசு அவளுக்குப் புரிந்ததாம்! தமிழில் தெளிவாக எழுதியது புரியவில்லை, எழுதாதது புரிந்திருக்கிறது. காணாமல் போனவளைக் கண்டுபிடித்துக் கொடு என்றால், அவளைப் பிடித்து இன்னொரு வீட்டில் அடைத்துவிட்டு நன்றியும் எதிர்பார்க்கிறாள். அந்த மீசைக்காரருக்கும் இனி காலை மாலை காபி போடப்போவது யார்? நன்றி என்று ஒரு வார்த்தை தட்டிவிட்டு மோர்ச்சாதத்தைத் திறந்தேன். இறங்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அழுகை வந்தது. பரிசு வரவே இல்லை என்றால்கூட அப்படி இருந்திருக்காது.

சாயங்காலம் மேலகரம் பஸ்ஸில் உட்கார்ந்து என் கதைக்கு வந்திருந்தவற்றைப் பார்த்தேன். ரொமான்ஸ் எங்கே என்று இரண்டு மூன்று பேர் மூக்கைச் சிந்தியிருந்தார்கள். கோடீஸ்வரனை ஏலே என்று கூப்பிட்டது ஒருத்திக்கு மனசு வலித்ததாம். கடைசியில் பூனைக்குட்டிக்காரி எழுதியிருந்தாள்.

"அக்கா, நான் குற்றாலம் பார்த்ததே இல்ல. ரொம்ப சிரிச்சேன். இனிமே கைகோத்து நனையணும்னு எழுதவே மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த அத்தை ஏன் குளிக்கவே இல்ல?"

இது என்ன கேள்வி என்று நினைத்தேன். அருவியையே பார்க்காதவளுக்கு என்ன தெரியும்? "அங்கே குரங்கு உண்டும்மா, பையை யாராவது பார்க்கணும்" என்று அடித்து அனுப்பினேன். பஸ் நகர்வதற்குள் பதில் வந்துவிட்டது.

"அதான் ஹீரோ முதல்லயே குளிச்சிட்டு சும்மா நிக்கிறாரே. அவர் பிடிக்கலாமே?"

கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டேன். திரும்ப எடுத்து இன்னொரு முறை வாசித்தேன். சும்மா நிற்கிறான் என்று எழுதியவளே நான்தான். துண்டைக் கட்டிக்கொண்டு வெறுமனே நின்றான் என்று அவனைக் கிண்டல் செய்துதான் எழுதியிருந்தேன். அந்தப் பையை அவன் கையில் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொடரில் அவள் கையில் இருந்தது காபித் தட்டு. நான் அதை வாங்கிவிட்டுப் பையைக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

நான் கடைசியாக அருவியில் குளித்தது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. கேட்கிறவர்களிடம், நமக்கென்ன, பக்கத்து ஊர், நினைத்தால் குளித்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வது வழக்கம். வீட்டுக் குழாயில் வருவதும் அதே தண்ணீர்தானே என்றும் சொல்வேன். எத்தனை சாரல் இதைச் சொல்லியே போயிற்று! மேலகரத்தில் இறங்கும்வரை என்மேலேயே எனக்கு அப்படி ஆத்திரம்.

சாரல் வந்தது. சென்னையிலிருந்து சித்தப்பா வீட்டார் வந்தார்கள், வேன் வந்தது. நான் என்னுடைய மாற்றுத்துணியையும் எடுத்துப் பையின் அடியில் வைத்ததை யாரும் கவனிக்கவில்லை. மெயின் அருவியில் நல்ல கூட்டம். பிள்ளைகள் குதித்தார்கள். எல்லோரும் கழற்றியதைக் கழற்றி என் கையில் திணித்தார்கள். கைப்பிடிச் சுவர் ஓரத்தில், என் இடத்தில், நின்றேன். சுவரில் குரங்கும் அதன் இடத்தில் இருந்தது.

தம்பிதான் முதலில் குளித்துவிட்டு வந்தான். எப்போதும் அப்படித்தான். துண்டைக் கட்டிக்கொண்டு, உடம்பில் நீர் சொட்ட, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, டூட்டியில் இருக்கிறவன் மாதிரி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சும்மாதான் நின்றான்.

"ஏலே, இந்தா, பைய பிடி" என்றேன்.

"எதுக்குக்கா?"

"பிடின்னா பிடிலே."

பிடித்தான். வேறு வழி? குரங்கு அவனை மேலும் கீழும் பார்த்தது. அடியில் இருந்த என் துணிகளை உருவிக்கொண்டு நடந்தேன்.

"அக்கா, நீ எங்க போறே? இங்கன குரங்கு நிக்குல்லா!" என்றான். ஊரையே அதட்டுகிறவன் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் கேட்டதே இல்லை.

பெண்கள் பக்கத்து வரிசையில் போய் நின்றேன். முன்னால் நின்றவளின் ஈரச்சடை என் முகத்தில் பளீரென்று அடித்தது. கதையில் எழுதியதைவிட வலித்தது. அருவியின் சத்தம் காதை அடைக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், கைப்பிடிச் சுவர்ப் பக்கமிருந்து தம்பி பொண்டாட்டியின் குரல் கேட்டது. குளித்து வெளியே வந்திருப்பாள் போல, துண்டுக்காகத் தேடியிருப்பாள்.

"மதினிய எங்க? எங்க போனாவ?"

தேடட்டும் என்று அருவிக்குள் தலையைக் கொடுத்தேன்.